ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவார்

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் பட்டறை வைத்திருந்த அந்த மேஸ்திரி, வண்டி வந்து நின்றதும் வண்டியைப் பார்க்க மாட்டார். அதிலிருந்து இறங்குகிற ஆளைத்தான் பார்ப்பார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. பிறகு கேட்பார்.

"யாரு ஓட்னது?"

என்ன கோளாறு, எத்தனை நாளாக, எந்தப் பக்கம் சத்தம் என்பதெல்லாம் அப்புறம். முதலில் அவருக்கு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காமல் அவர் எந்த வண்டிக்கும் அடியில் போனதாக எனக்கு நினைவில்லை. டயர் தேய்ந்தாலும் அதற்கு ஒருவன் காரணம். பேட்டரி செத்தாலும் ஒருவன் காரணம். "வயசாயிடுச்சு மேஸ்திரி, அதான் போயிடுச்சு" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், "வயசாச்சுன்னு சொல்றதுக்கு அது இன்னா உங்க மாமனாரா?" என்பார்.

ஆள் பார்க்க நன்றாக இருப்பார். அது இன்னும் பயத்தைக் கொடுக்கும். பட்டறையில் இருக்கிற அத்தனை பேரும் கரியாக நிற்க, அவர் மட்டும் வெள்ளைச் சட்டையைக் கை முட்டிவரை மடித்துவிட்டு, நெற்றியில் விபூதியோடு, ரேஷன் கடைக்குச் சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி நிற்பார். தரையில் சொட்டியிருக்கும் எண்ணெயை ஒரு விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மோந்து, கடைசியில் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். இன்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா, பிரேக் ஆயிலா என்று அதிலேயே சொல்லிவிடுவார். சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை. காறித் துப்பிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஆயிலு தானா ஒழுவாது. எவனோ ஒழுவ வெச்சிருக்கான்" என்பார்.

இதைக் கேட்கவென்றே எதிர் டீக்கடையில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். நானும் உட்கார்ந்திருக்கிறேன். பொய் சொல்வானேன், நன்றாகச் சிரித்துமிருக்கிறேன்.

ஒருமுறை ஒரு வாத்தியார் புதுக் கார் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாமல் கிளட்ச் தேய்ந்துபோனதென்று கொண்டுவந்தார். கூட அவர் மனைவியும் இருந்தார். மேஸ்திரி கழற்றிய தகட்டை வாத்தியாரிடம் காட்டவில்லை. நேராக அந்த அம்மாவிடம் போய் நீட்டினார்.

"இந்தாங்கம்மா, பாருங்க. உங்க வூட்டுக்காரரு கிளட்ச் மேலயே கால வெச்சிக்கினு ஓட்டியிருக்காரு. எடுக்கவே இல்ல. வூட்லயும் இப்பிடித்தான் எது மேலயாவது கால வெச்சிக்கினே இருப்பாரா?"

டீக்கடை அதிர்ந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரிடம் படித்தவர்கள் இரண்டு பேர் அன்று எங்களோடு உட்கார்ந்து சிரித்தார்கள். அதற்கப்புறம் அவர் எந்த ரிப்பேருக்கும் திண்டிவனம்தான் போனார்.

இதாவது பேச்சோடு போயிற்று. பட்டறை வாசலில் இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு கம்பி கட்டியிருந்தார். உடைந்த கியர் பல், வளைந்த ராடு, கருகிய தகடு எல்லாம் அதில் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில், உடைத்தவன் பேரும் ஊரும். தளவானூர் இன்னார், மேல்மலையனூர் இன்னார் என்று பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டு போவார்கள். அப்படித் தொங்கவிடப்பட்ட ஒரு டிராக்டர் டிரைவருக்கு அறுப்பு சீசனில் யாரும் வண்டி கொடுக்கவில்லை. அவன் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான்.

ஆனால் கம்பியில் எல்லோர் பேரும் ஏறாது. அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவார். "ஆமா மேஸ்திரி, நான்தான் கவனிக்காம ஓட்டிட்டேன்" என்று ஒருவன் சொல்லிவிட்டால், அவர் முகமே மாறிவிடும். டீ வாங்கிக் கொடுப்பார். தோளில் கை போட்டு, எப்படி ஓட்ட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். இல்லை என்று சாதித்தவன் பேர்தான் கம்பிக்குப் போகும். அதனால் செஞ்சி சுற்றுவட்டாரத்து டிரைவர்கள், செய்தார்களோ இல்லையோ, பட்டறைக்குள் நுழையும்போதே ஒத்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள்.

அவர் வீட்டிலும் இதே கதைதான் என்று சொல்வார்கள். ஒருநாள் அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார். ஓடி வந்த மேஸ்திரி வாசலில் நின்று, "சோப்புத் தண்ணிய யாரு ஊத்துனது?" என்று கேட்டாராம். நானேதான் என்று அந்த அம்மா சொன்ன பிறகுதான் கை கொடுத்துத் தூக்கினாராம். இதை அவரே டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்.

அவர் எங்கள் ஜீப்பைத் தொட்ட கதைக்கு வருகிறேன். இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொல்லாதது அது.

எங்களுக்குப் பனமலை ஏரிக்குக் கீழே நிலம். மழைக்காலத்தில் அந்த வண்டிப்பாதை சேறாகிவிடும், டிராக்டரே திணறும். அதற்காகவே என் அப்பா, எங்களுக்கு நைனா, ஏலத்தில் நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு பழைய ஜீப்பை எடுத்திருந்தார். அதை ஓட்டியவன் ஏழுமலை. காலனிக்காரன், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவன், ஹெவி லைசென்ஸ் வைத்திருந்தான். நான் டிகிரி முடித்துவிட்டு வீட்டோடு இருந்த சமயம். தினமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நிலத்துக்குப் போய் வருவேன். நைனா என் கையில் சாவி கொடுத்ததில்லை. "ஏழுமல மாதிரி ஓட்டக் கத்துக்கோ, அப்புறம் பாக்கலாம்" என்பார். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

உண்மையில் ஏழுமலை வண்டியைக் குழந்தை மாதிரிதான் வைத்திருந்தான். சேற்றுப்பாதை முடிந்து தார் ரோடு தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன மதகு உண்டு. அந்த மதகில் வண்டியை நிறுத்தி, முன்சக்கர இழுவையை விடுவிக்கிற சின்ன லிவரை 'டக்' என்று தள்ளிவிட்டுத்தான் ரோட்டில் ஏறுவான். நாலு சக்கர இழுவையோடு தார் ரோட்டில் ஓட்டினால் உள்ளே இருக்கும் பல்லெல்லாம் முறுக்கேறிக் கெட்டுவிடும். ஒருநாளும் அவன் மறந்ததில்லை. அந்த 'டக்' சத்தம் எனக்குத் தினமும் கேட்கும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரத்தில், வண்டி நிற்கிற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு விழ ஆரம்பித்தது. கியர் பெட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இன்னொரு பெட்டி இருக்கும். இன்ஜின் பலத்தை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது முழுப் பேர், பட்டறையில் டிரான்ஸ்ஃபர் என்றால் போதும். அதன் பின்பக்கத்தில், சுழலும் தண்டு வெளியே வருகிற இடத்தில்தான் கசிவு. அங்கே எண்ணெயை அணைகட்டி வைத்திருக்கும் ரப்பர் வளையம், ஆயில் சீல், போய்விட்டது என்று மேஸ்திரி மாற்றிக் கொடுத்தார். நாலே நாளில் மறுபடியும் ஒழுகியது.

இரண்டாம் முறை பட்டறைக்குப் போனபோது நைனாவும் வந்தார். புது சீல் நாலு நாளில் போவதென்றால் மேஸ்திரிக்கு மரியாதைக் குறைச்சல். அன்று டீக்கடையில் வழக்கத்தைவிடக் கூட்டம். அவர் ஏழுமலையைப் பார்த்துத்தான் நடந்து வந்தார்.

"இன்னா பண்ண என் சீல?"

"நான் ஒண்ணும் பண்ணல மேஸ்திரி. வண்டி ஆறியிருந்தா ஒழுவ மாட்டேங்குது. ஓடிச் சூடானாத்தான் ஒழுவுது. அத கொஞ்சம் பாருங்களேன்."

"எனுக்குச் சொல்லிக் குடுக்குறியா?"

மேஸ்திரி வண்டிக்கு அடியில் நுழைந்து எண்ணெய் ஊற்றும் துவாரத்தின் போல்டைத் திருகினார். அது கழன்றதும் 'புஸ்' என்று காற்று வந்தது. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி. அடியில் அவரோடு படுத்திருந்த ஏழுமலை, "காத்து வருது மேஸ்திரி, உள்ள காத்து அடச்சிருக்குது" என்றான். அவர் ஒரு நொடி அப்படியே இருந்தார். பிறகு வெளியே வந்து, தண்டின் முனையைக் கழற்றச் சொல்லி, அதிலிருந்த ஒரு பழைய கீறலை நகத்தால் தடவிக் காட்டினார்.

"ஃபோர் வீலப் போட்டுக்கினு தார் ரோட்ல ஓட்டியிருக்கான். அதான் தண்டு முறுக்கிக்கினு சீல அறுக்குது. பாருங்க, கோடு தெரியுதா?"

நைனாவுக்குக் கோடு தெரிந்தது. அவருக்கு வேறென்ன தெரியும்.

"இல்ல மொதலாளி, சத்தியமா இல்ல. மதகுலயே எடுத்துருவேன். தம்பியக் கேளுங்க, தெனமும் கூடத்தான் வராரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேஸ்திரி என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார், கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தார்.

"நீ பாத்தியா? நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. அப்புறம் இவனுக்காவப் பொய் சொன்னன்னு ஆயிடப் போவுது."

"நான் கவனிக்கல மேஸ்திரி," என்றேன்.

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று அப்போதும் எனக்குத் தெரியும். அவர் கண் என்மேலிருந்து நகர வேண்டும், அவ்வளவுதான். நகர்ந்தது.

ஏழுமலைக்கு அந்த வாரம் எது முக்கியம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அரசாங்கத்தில் டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். எழுதிய விண்ணப்பம் பிளாஸ்டிக் கவரில் அவன் சட்டைக்குள்ளேயே இருந்தது. அதோடு ஒரு தாள் சேர வேண்டும். இத்தனை வருஷம் எங்கள் வண்டியை ஒழுங்காக ஓட்டினான் என்று நைனா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வயது வரம்பில் அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அது மேஸ்திரிக்கும் தெரியும்.

மேஸ்திரி அவன் தோளில் கை போட்டார். குரல் இளகிவிட்டது.

"தோ பாரு ஏழுமல. நீ ஒத்துக்கிட்டன்னா இத்தோட முடிஞ்சிது. கம்பியில உம் பேரு ஏறாது. உங்க மொதலாளிகிட்ட நானே சொல்லிக் கையெழுத்து வாங்கித் தரேன். இல்லன்னு நின்னன்னா நான் இன்னா பண்ண முடியும்?"

ஏழுமலை என்னை ஒருமுறை பார்த்தான். நான் ஜீப்பின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா மேஸ்திரி. ரெண்டு மூணு வாட்டி எடுக்க மறந்துட்டேன்."

டீக்கடையில் யாரோ கை தட்டினார்கள். மேஸ்திரி அவனுக்கு டீ சொன்னார். டீ வருவதற்குள் நைனா பேசிவிட்டார்.

"அப்ப இவ்வளவு நேரம் எம் மூஞ்சிக்கு நேரா சத்தியம் பண்ணியேடா. வண்டியக் கெடுத்தது போதாதுன்னு பொய்யி வேற. நாளைக்கு கவர்மெண்டு வண்டியயும் இப்பிடித்தான் ஓட்டுவ, கையெழுத்துப் போட்டவன் எவன்னு எம் பேரத்தான் கேப்பான். சாவியக் குடு."

ஏழுமலை மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி அதற்குள் அடுத்து வந்து நின்ற மினி லாரியின் டிரைவரைப் பார்க்கத் திரும்பியிருந்தார். டீ வந்தது. ஏழுமலை குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போனான்.

அன்றுமுதல் சாவி என் கையில். மறுபடி சீல் மாற்றியும், புதன்கிழமை மத்தியானம் வண்டி மூன்றாம் முறையாக ஒழுகியது. நானே ஓட்டிக்கொண்டு போனேன். பட்டறையில் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். டீக்கடையும் காலி. மேஸ்திரி எண்ணெய்ச் சொட்டைத் தொடவுமில்லை, சுவைக்கவுமில்லை. நேராக வண்டிக்குள் ஏறி, தரைத் தகட்டைக் கழற்றி, டிரான்ஸ்ஃபரின் தலையை மேலிருந்து பார்த்தார். அங்கே விரல் நுனி அளவுக்கு ஒரு மூக்கு இருக்கும். பெட்டி சூடேறும்போது உள்ளே விரிகிற காற்று வெளியே போவதற்கான வழி. அது அடைத்தால் காற்று போக இடமில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். எத்தனை சீல் மாற்றினாலும் தள்ளும். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துதான் அவர் ஏறினார். அன்று வந்த 'புஸ்' சத்தம் அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

ஒரு கம்பியை விட்டுக் குத்தி நெம்பினார். கல்லாகக் காய்ந்த ஒரு கட்டி பெயர்ந்து வந்தது. உள்ளங்கையில் வைத்து ஊதினார். மஞ்சள் கட்டி, நடுவில் சிவப்பு.

சந்தனம். நடுவில் குங்குமம்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் மோட்டார் பம்பு, மருந்து அடிக்கிற டேங்க், அரிவாள், எதற்கும் பொட்டு இல்லாமல் இருக்கக் கூடாது. அந்த வருஷம் ஜீப்பைக் கழுவத் தரைத் தகட்டையும் கழற்றியிருந்தோம். அத்தனை வருஷம் எங்களைச் சேற்றில் இழுத்த பெட்டி இதுதானா என்று பார்த்துவிட்டு, அதன் தலையில் நீட்டிக்கொண்டிருந்த அந்த மூக்கில் ஒரு கை சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்துக் கற்பூரமும் காட்டினேன். பக்தியோடுதான் செய்தேன்.

"யாரு வெச்சது?" என்றார் மேஸ்திரி.

"நான்தான்."

அவர் சுற்றிலும் பார்த்தார். சிரிப்பதற்கு யாரும் இல்லை.

"மேஸ்திரி, நாளான்னைக்குத்தான் கடைசி நாளு. நீங்க நைனாகிட்ட ஒரு வார்த்த சொன்னா..."

"நான் எதுக்குச் சொல்லணும்? அவந்தான் ஒத்துக்கிட்டானே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை. கணக்கு சரியாகிவிட்டது என்கிற மாதிரி சொன்னார். அந்தக் கட்டியை ஒரு காகிதத்தில் மடித்து என் சட்டைப் பையில் போட்டார்.

"இந்தா. உனுக்கு அவ்ளோ அக்கற இருந்தா நீயே போய்ச் சொல்லு. நான் வாணான்னா சொன்னேன்?"

நான் சொல்லவில்லை. பனமலை ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி அதைத் தண்ணீரில் வீசினேன். நைனாவுக்குப் பயந்து என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவல்ல. சாவி என் கையில் இருந்தது, அது பிடித்திருந்தது. அந்த ஆளைக் கொடுமைக்காரன் என்று இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேனே, அவர் ஒரு வார்த்தைக்கு மட்டும்தான் வாயைத் திறக்கவில்லை. நான் இரண்டு முறை திறக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஏழுமலை எங்கள் வாசலுக்கு வந்தான். பிளாஸ்டிக் கவர் கையில் இருந்தது.

"தம்பி, மொதலாளி கிறாரா? கால்ல வுழுந்தாவது கேட்டுப் பாக்கறேன்."

நைனா பின்கட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். குடத்துச் சத்தம் வாசல்வரை கேட்டது.

"தூங்கறாரு," என்றேன்.

சத்தம் அவனுக்கும் கேட்டது. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

போன மாசம் மேஸ்திரி இறந்துபோனார். சாவுக்கு டிரைவர்கள்தான் அதிகம் வந்திருந்தார்கள். அழுதவர்களும் இருந்தார்கள், அதுதான் ஆச்சரியம். மாலையைப் போட்டுவிட்டுப் பந்தலில் நான் உட்கார்ந்திருந்தபோது ஏழுமலை வந்து பக்கத்தில் நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது. கல் குவாரியில் டிப்பர் ஓட்டுகிறான். உட்காரச் சொன்ன பிறகு உட்கார்ந்தான்.

"மொதல்ல எனுக்கு இவரு மேல கோவம்தான் தம்பி. நான் பண்ணாததச் சொல்ல வெச்சிட்டாருன்னு. அப்புறம் தெனமும் படுத்துக்கினு ரோசன பண்ணுவேன். ஆயிலயே நாக்குல வெச்சிச் சொல்ற மன்சன், அவருக்குத் தெரியாதா? பொய் சொல்லி அவருக்கு இன்னா ஆவப் போவுது? நான்தான் மறந்திருப்பேன். ரெண்டு மூணு வாட்டி கண்டிப்பா மறந்திருப்பேன். இப்ப நெனச்சாக்கூட எனுக்கு ஞாபகம் வருது, மதகத் தாண்டி அப்பிடியே வந்தது."

"உனக்கு ஞாபகம் வருதா?"

"வருது தம்பி. உங்க நைனா கையெழுத்துப் போடாததும் ஞாயம்தான். அவரு உசுரோட இருந்தவரைக்கும் ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுக்கணும்னு இருந்தேன், முடியல. நீங்களாவது மனசுல எதுவும் வெச்சிக்காதீங்க. உங்க வண்டிய நான் பாழ் பண்ணிட்டேன்."

சொல்ல வேண்டிய வார்த்தை முழுதாக என் வாயில் இருந்தது. சொன்னால் அவன் என்னை எப்படிப் பார்ப்பான் என்று நினைத்தேன். அந்த ஒரு பார்வைக்குத்தான் பயந்தேன்.

"அதெல்லாம் நாங்க என்னிக்கோ மறந்துட்டோம் ஏழுமல," என்றேன். "தப்பு யாருதான் பண்ணல."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டான். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.